மசாலா டீ சரியாக வராதபோது: குறையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

நேற்று நன்றாக வந்த டீ இன்று கெட்டுப்போகும். அதே டீத்தூள், அதே பால், அதே மசாலா. பெரும்பாலும் உடனே டீத்தூளை மாற்றுவோம். அடுத்த வாரம் மசாலாப் பொடியை மாற்றுவோம். குறை மட்டும் அப்படியே இருக்கும். வருடக்கணக்கில் தினமும் இரண்டு வேளை டீ போட்டதில் எனக்குப் பிடிபட்டது இது: எதை முதலில் போடுகிறோம், எதைக் கடைசியில் போடுகிறோம் என்ற வரிசையில்தான் பாதிக்கு மேற்பட்ட கோளாறு இருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு குறையாக எடுத்து, எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். உங்கள் டீயில் என்ன குறையோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். இரண்டு பேருக்குத் தண்ணீர் 200 மில்லி, பால் 200 மில்லி, டஸ்ட் டீத்தூள் தலைதட்டி 2 டீஸ்பூன், கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி, ஏலக்காய் 2, சுண்டுவிரல் நகமளவு பட்டை, கிராம்பு 1, மிளகு 3, சர்க்கரை உங்கள் விருப்பம். பச்சைத் தண்ணீரில் தட்டிய இஞ்சி, பட்டை, கிராம்பு, மிளகைப் போட்டு 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும். பிறகு டீத்தூள் போட்டு 2 நிமிடம். அப்புறம் சூடான பாலை ஊற்றி, ஒருமுறை பொங்கி வந்ததும் சிம்மில் 2 நிமிடம். கடைசியில் நசுக்கிய ஏலக்காயைப் போட்டு, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் முடிந்தது. உங்கள் முறை வேறாக இருக்கலாம், தவறில்லை. ஆனால் கோளாறு கண்டுபிடிக்கும்போது இந்த முறையில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

பால் திரிந்துவிட்டது

மேலே ரவை ரவையாக மிதக்கும். வடிகட்டியில் டீத்தூளோடு வெள்ளைச் சக்கை நிற்கும். டம்ளரில் பார்த்தால் டீ தனியாக, தெளிந்த பழுப்புத் தண்ணீராக இருக்கும்.

முதலில் பால் கெட்டதா, டீ போட்ட விதத்தால் திரிந்ததா என்று பிரித்துவிட வேண்டும். அதே பாக்கெட் பாலில் இரண்டு கரண்டி எடுத்து, சுத்தமான சின்னப் பாத்திரத்தில் தனியாகக் கொதிக்க விடுங்கள். தனியாகவே உடைந்தால் பாலில்தான் கோளாறு. பால் சேகரிக்கும் இடங்களில் பாலைக் கொதிக்க வைத்துப் பார்க்கும் சோதனையும் இதே அடிப்படையில்தான். புளிப்பைக் காட்டும் எண்ணான பி.எச், நல்ல பாலில் 6.6 முதல் 6.8 வரை இருக்கும்; புளிப்பு ஏற ஏற இந்த எண் குறையும். காலையில் வாங்கி மேடையிலேயே விட்ட பாலில் புளிப்பு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். நாக்குக்குத் தெரியாது, மோந்து பார்த்தாலும் தெரியாது. ஆனால் குளிர்ந்த பாலில் திரியாமல் நிற்கிற புரதம், சூடேறும்போது அந்தக் கொஞ்சப் புளிப்புக்கே உடைந்துவிடும். அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள், அதில் டீ வேண்டாம்.

தனியாகக் கொதித்த பால் நன்றாக இருந்தால், சந்தேகம் இஞ்சி மேல் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பெரிய பாத்திரத்தில் பாலையும் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றி, இஞ்சியைத் துருவி அதிலேயே போட்டு அடுப்பில் வைத்தேன். இரண்டு பேருக்குப் போடும்போது அதுவரை அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன், ஒருநாளும் திரிந்ததில்லை. அன்று பால் கொதிக்கக்கூட இல்லை. ஓரத்தில் ஆவி வரத் தொடங்கும்போதே, இஞ்சித் துருவலைச் சுற்றி முதலில் மெல்லிய நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. கரண்டியால் கிண்டினேன். கரண்டியின் பின்பக்கத்தில் பொடிப்பொடியாக வெள்ளைத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. கொதி வந்தபோது முழுதும் திரிந்திருந்தது. பால் அன்று காலையில் வாங்கியது. மிச்சம் இருந்த பாக்கெட்டைத் தனியாகக் காய்ச்சினேன், ஒன்றும் ஆகவில்லை.

காரணம் இஞ்சிக்குள் இருக்கும் ஒரு நொதி. ஜிஞ்சிபெயின் என்று பெயர். பால் புரதத்தை வெட்டி உறைய வைக்கிற வேலையை அது செய்கிறது. சீனாவின் குவாங்டொங் பகுதியில் இதையே பயன்படுத்தி, இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, கரண்டி வைத்தால் நிற்கிற அளவுக்குக் கட்டியாக்கி இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். அந்த நொதி கை பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரியில், சுறுசுறுப்பாக இருக்கும். கொதிநிலையில் செத்துவிடும்.

எட்டுப் பேருக்குப் போட்டபோது மட்டும் ஏன் திரிந்தது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. இரண்டு டம்ளர் பால் அந்த 60, 70 டிகிரியை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடும். இரண்டு லிட்டர் பால் அந்தச் சூட்டிலேயே பல நிமிடம் நிற்கும்.  நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைத்தது.

எங்கள் தெருமுனைக் கடையில் டீ போடுகிற பெரியவரிடம் இதைச் சொன்னேன். பாய்லரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அம்மிணி, பாலுக்குப் பச்சை இஞ்சியக் காட்டவே கூடாதுங்க. தண்ணில நல்லாக் கொதிச்சு அடங்குனதுக்கு அப்புறந்தான் பாலு." நொதியின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆக, இஞ்சியைத் தண்ணீரில் போட்டு, தளதளவென்று 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். இஞ்சியைத் தட்டிப் போட்டால் ஆபத்து குறைவு, துருவிப் போட்டால் கொஞ்சம் கூடுதல், சாறு பிழிந்து ஊற்றினால் மிக அதிகம். வடிகட்டிய டீயில் மேலாகப் பச்சை இஞ்சிச் சாறு விடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பாலையும் குளிராக ஊற்றாமல் சூடாக ஊற்றுங்கள். சுக்குப் பொடி போடுகிறவர்களும் அதைத் தண்ணீரிலேயே கொதிக்க விடுவது நல்லது.

அடுத்த சந்தேகம் வெல்லம். பாயசம் வைத்த எல்லோருக்கும் இது தெரியும்: வெல்லம் போட்டபின் பாலைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். டீயும் அப்படித்தான். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எதுவானாலும் அடுப்பை அணைத்து, வடிகட்டி, டம்ளரில் போட்டுக் கலக்குங்கள். முடிந்தால் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் தனியாகக் கரைத்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், மண்ணும் போய்விடும். வெல்லத்துக்கு வெல்லம் மாறும். ஒரு கடை வெல்லத்தில் திரியும், இன்னொன்றில் திரியாது. கொதிக்கும் பாலில் போடாமல் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

கடைசியாகப் பாத்திரம். முதல் நாள் ரசம் வைத்த பாத்திரத்தின் விளிம்பு மடிப்பில், தயிர் எடுத்த கரண்டியின் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் புளிப்பே போதும். டீக்கு என்று ஒரு பாத்திரம், ஒரு வடிகட்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வடிகட்டியின் வலை விளிம்பில் பழைய பால் காய்ந்து நிற்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

திரிந்த டீயைக் காப்பாற்ற முடியாது. இஞ்சியால் திரிந்ததை வடிகட்டிக் குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அது டீயாக இருக்காது.

கசக்கிறது

கசப்பு வேறு, துவர்ப்பு வேறு, காட்டம் வேறு. இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் கசப்பு என்று சொல்லிவிடுவதால்தான் சரிசெய்ய முடியாமல் போகிறது. ஒரு வாய் குடித்து, விழுங்கிய பின் கொஞ்சம் பொறுங்கள்.

கன்னத்தின் உள்பக்கமும் ஈறும் இறுகுகிறதா? வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி இருக்கிறதா? அது துவர்ப்பு, டீத்தூளிலிருந்து வருவது. தேயிலையைக் கொதிக்க விடும்போது நிறமும் கஃபீனும் சீக்கிரம் இறங்கிவிடும், நேரம் போகப் போகத் துவர்ப்பு கூடும். டஸ்ட் தூளுக்கு 2 நிமிடம் போதும். இலை பெரிதாக இருக்கும் தூளுக்கு 3 அல்லது 4 நிமிடம். தூளைக் குறைத்து நேரத்தைக் கூட்டினால் சிக்கனம் என்று தோன்றும், துவர்ப்புதான் கூடும். தூளைக் கொஞ்சம் கூட்டி நேரத்தைக் குறையுங்கள். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கும் என்பதால், பாலைக் குறைத்துப் போடுகிறவர்களுக்கு இந்தக் குறை அதிகம் தெரியும்.

நாக்கு லேசாக மரத்துப் போய், பல் டாக்டர் மருந்து வைத்த மாதிரி ஒரு வாசம் பின்னால் வருகிறதா? அது கிராம்பு. கிராம்பில் இருக்கும் யூஜினால்தான் பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைக்கும்போது மரத்துப் போகச் செய்வது. இரண்டு பேருக்கு ஒரு கிராம்பு. நான்கு பேருக்கும் ஒன்றரைதான், இரண்டைத் தாண்ட வேண்டாம். கடையில் வாங்கும் மசாலாப் பொடிகள் சிலவற்றில் கிராம்பு தூக்கலாக இருக்கும். அந்தப் பொடியை மாற்றுவதுதான் வழி.

அடிநாக்கில், விழுங்கிய பின்னும் நிற்கிற சுத்தமான கசப்பு என்றால், ஏலக்காய்த் தோலை ரொம்ப நேரம் கொதிக்க விட்டீர்களா, துளசியைக் கொதிக்க விட்டீர்களா என்று யோசியுங்கள். துளசி இலையை அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடினால் போதும். மசாலாவை வெறும் வாணலியில் வறுத்துப் பொடிக்கிறவர்கள், கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போக வேண்டாம். நிறம் மாறுகிற அளவு வறுத்தால் மணம் வாணலியிலேயே போய்விடும், கசப்பு மட்டும் பொடியில் மிஞ்சும்.

தொண்டை கமறுகிறது, இருமல் வருகிறது

மிளகு அல்லது சுக்கு. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் காரம் மாறிக் கூடிவிடுகிறது. பச்சை இஞ்சிக்குப் பதிலாக அதே அளவு மனக்கணக்கில் சுக்குப் பொடி போட்டால் தொண்டை எரியும். ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூனில் பாதி போதும். மிளகின் காரம் இஞ்சி மணம் மாதிரி ஆவியில் போகாது, எவ்வளவு கொதித்தாலும் அப்படியே நிற்கும். அதனால் பொடித்துப் போடாமல் ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டு வடிகட்டிவிடுங்கள். சளி பிடித்தவருக்குப் போடும்போது கூட்டிக்கொள்ளலாம், அது வேறு கணக்கு.

மசாலா போட்டும் மணமே இல்லை

இது திரிவதற்கு அடுத்தபடி அதிகம் கேட்கிற குறை. ஏலக்காயிலிருந்து தொடங்குவோம்.

ஒரு காயை உரித்து விதையைப் பாருங்கள். நல்ல காயில் விதை கருத்து, நகத்தில் லேசாக ஒட்டும் பிசுக்கோடு இருக்கும். நகத்தால் நசுக்கினால் மூக்குக்கு எடுத்துப் போவதற்கு முன்பே மணம் வரும். பழைய காயில் விதை காய்ந்து, தவிட்டு நிறத்தில் தனித்தனியாக உதிரும். தோல் மட்டும் பளிச்சென்று பச்சையாக இருப்பதை நம்ப வேண்டாம், விதையைத்தான் பார்க்க வேண்டும். இடுக்கி மலையில் விளைவது கீழே போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வந்து போகிறது. அந்தப் பக்கம் போகும்போது ஒரு 50 கிராம் வாங்கி வந்து, வீட்டில் இருப்பதோடு பக்கத்தில் வைத்து நசுக்கிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

காய் நன்றாக இருந்தும் மணம் இல்லையென்றால், அதை எப்போது போடுகிறீர்கள்? ஏலக்காயின் மணம் எளிதில் ஆவியாகிற எண்ணெய்களில் இருக்கிறது. முதலிலேயே தண்ணீரில் போட்டு எட்டு நிமிடம் கொதிக்க விட்டால் சமையலறை மணக்கும், டம்ளர் மணக்காது. பட்டை, கிராம்பு, மிளகு கட்டையாக, கெட்டியாக இருப்பவை. அவற்றுக்குக் கொதி வேண்டும். ஏலக்காய்க்குக் கடைசி நிமிடம் போதும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்தவர்கள், நான்கு காய் போட்டுவந்த இடத்தில் இரண்டு போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏலக்காய் விற்கிற விலைக்கு அது பெரிய விஷயம்.

கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், எண்ணெய் எடுத்துவிட்ட சக்கை மிதக்கும்.

மொத்தமாகப் பொடித்து வைக்கிறவர்களுக்கு என் கணக்கு: ஏலக்காய் 20 கிராம், சுக்கு 20 கிராம், மிளகு 10 கிராம், பட்டை 10 கிராம், கிராம்பு 5 கிராம். சோம்பு பிடித்தவர்கள் 5 கிராம் சேர்க்கலாம், இனிப்பான வாசம் வரும். சின்ன ஜாடியில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வருகிற அளவு அரைக்காதீர்கள். அடுப்புக்கு மேல் அலமாரியில் திறந்து திறந்து மூடுகிற டப்பாவில் ஆறு மாதம் இருந்த பொடியில் காரம் இருக்கும், மணம் இருக்காது. அதைக் கூட்டிக் கூட்டிப் போடுவதால்தான் பலர் வீட்டில் மணமும் இல்லாமல் தொண்டையும் கமறுகிறது.

இன்னொன்று, சர்க்கரை. சர்க்கரையே இல்லாமல் குடித்தால் ஏலக்காயும் பட்டையும் மங்கலாகத்தான் தெரியும். சர்க்கரை வேண்டாம் என்று இருப்பவர்கள் சோம்பைக் கொஞ்சம் கூட்டினால் அந்தக் குறை பாதி தீரும்.

கொழகொழவென்று இருக்கிறது, அடியில் சேறு மாதிரி தேங்குகிறது

பட்டைப் பொடி. பட்டையைப் பொடித்து வெந்நீரில் ஊற விட்டால் வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு விடும். பொடியைத் தவிர்த்து, துண்டாகப் போடுங்கள். தடிமனாக, ஒரே அடுக்காக, உடைக்கக் கஷ்டமாக இருப்பது காசியா பட்டை. காகிதம் மாதிரி பல அடுக்காகச் சுருண்டு, கையால் நொறுக்க முடிவது இலங்கைப் பட்டை. முதலாவது காரமான வாசம், டீக்கு அதுவே போதும். இரண்டாவது மென்மையானது. பொடிதான் போட வேண்டுமென்றால் மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள்.

மங்கலாக, உயிரில்லாமல் இருக்கிறது. மேலே பாசி மாதிரி படலம்

பாலேட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏடு வெள்ளையாக, சுருங்கி, கரண்டியில் மொத்தமாக வரும். நான் சொல்வது மெல்லிய, கொஞ்சம் மினுமினுக்கிற பழுப்புப் படலம். டம்ளரைச் சாய்த்தால் உடைந்து உடைந்து விளிம்பில் ஒட்டும். மறுநாள் டம்ளரில் வட்டமாகக் கறை நிற்கும்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் நாங்கள் பல வருடம் இருந்தோம். அப்புறம் போர் தண்ணீர் மட்டும் இருக்கிற அடுக்குமாடிக்கு மாறினோம். மாறிய முதல் வாரமே டீ கெட்டுவிட்டது. நிறம் கருத்தது, ஆனால் சுவை சப்பென்று ஆனது. டீத்தூளை மாற்றினேன், பால் பாக்கெட்டை மாற்றினேன். ஒரு மாதம் கழித்துப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்ததைப் பார்த்தபோதுதான் தண்ணீரின் நினைவு வந்தது. பழைய வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கேனில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வந்து அதே தூளில் போட்டேன். பழைய டீ திரும்பி வந்தது. அந்தச் செம்பழுப்பு நிறத்தைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

கடினத் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். தேயிலையின் சாரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அந்தப் படலத்தை அவைதான் உண்டாக்குகின்றன. தண்ணீரின் காரத்தன்மை டீயின் நிறத்தைக் கருக்க வைத்து, அந்தச் சுறுக்கென்ற சுவையை அமுக்கிவிடும். எலுமிச்சை பிழிந்தால் பால் சேர்க்காத கட்டன் டீ வெளுக்கிறதே, அதற்கு நேர் எதிர் வேலை இது.

சோதிப்பது சுலபம். ஒரு பாட்டில் குடிநீர் அல்லது வடிகட்டிய தண்ணீரில் ஒரு தடவையும், குழாய்த் தண்ணீரில் ஒரு தடவையும் பால் சேர்க்காமல் கட்டன் டீ போட்டு, இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் பக்கம் வையுங்கள். ஒன்று தெளிந்த செம்பழுப்பாகவும் இன்னொன்று கலங்கிய கறுப்பாகவும் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. வாட்டர் ஃபில்டர் இல்லாத வீட்டில், தண்ணீரை முதல் நாள் இரவு நன்றாகக் கொதிக்க வைத்து ஆற விட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக எடுத்துப் பயன்படுத்துங்கள். முழுதும் சரியாகாது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

ஊட்டியில் உறவினர் வீட்டில் டீ போட்டால் லேசாக வருகிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே டீத்தூளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

நிறம் வரவில்லை, பால் வாசம்தான் வருகிறது

பாலில் நேராக டீத்தூள் போடுகிறீர்கள் என்றால் அதுதான் காரணம். சாரம் இறங்கத் தண்ணீர் வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு பால்.

பாலின் கொழுப்பையும் பாருங்கள். ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. ஆரஞ்சு பாலைச் சரிபாதி ஊற்றினால் டீயை அது மூடிவிடும். மசாலா டீக்கு நான் பச்சைதான் வாங்குகிறேன். ஆரஞ்சுதான் வீட்டில் இருக்கிறது என்றால் தண்ணீர் மூன்று பங்கு, பால் இரண்டு பங்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பால்பவுடர் போடுகிறவர்கள் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வைத்து, கடைசியில் சேருங்கள்.

இதற்கு நேர் எதிராக, நிறம் மட்டும் உடனே, பச்சைத் தண்ணீரிலேயே இறங்குகிறதா? சந்தேகப்படுங்கள். வெள்ளை வடிகட்டித் தாளில் டீத்தூளைக் கொஞ்சம் தூவி, மேலே தண்ணீர் தெளித்து, சிறிது நேரம் கழித்துத் தாளைக் குழாயில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூள் கறை விடாது. சாயம் ஏற்றிய தூள் தாளில் உடனே நிறம் விடும். அந்தத் தூளைத் தூக்கிப் போடுங்கள்.

அடிப்பிடித்த வாடை

மெல்லிய பாத்திரம், பெரிய தீ, சீக்கிரம் போட்ட சர்க்கரை. பால் காய்ச்சும் பாத்திரத்தை முதலில் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு பால் ஊற்றுவது அம்மா காலத்துப் பழக்கம், அது வேலை செய்கிறது. பிடித்துவிட்டது என்று தெரிந்தால் கரண்டியால் அடியைச் சுரண்டாதீர்கள். மேலாக வேறு பாத்திரத்துக்கு மெதுவாக மாற்றிவிடுங்கள், பாதி தப்பிக்கும். பொங்கி வழிவதற்குப் பாத்திரம் சின்னதாக இருப்பதுதான் காரணம், பாதிக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் போதும்.

கடை டீ மாதிரி வரவில்லை

வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்க விடுகிறோம். கடையில் டிகாஷன் தனி, பால் தனி. பால் பாய்லரில் நெடுநேரம் சூட்டிலேயே இருந்து கொஞ்சம் சுண்டி, இனிப்பேறி நிற்கும். டிகாஷன் துணிப் பையில் கெட்டியாக இறங்கும். இரண்டும் டம்ளரில்தான் சந்திக்கின்றன. அந்த டீயில் பாலும் தெளிவாகத் தெரியும், டீயும் தெளிவாகத் தெரியும்.

வீட்டில் இதைச் செய்யலாம். 120 மில்லி தண்ணீரில் இஞ்சியும் மசாலாவும் கொதித்ததும் டீத்தூள் இரண்டரை டீஸ்பூன் போட்டு, 2 நிமிடத்தில் இறக்கி மூடி வையுங்கள். பக்கத்து அடுப்பில் 250 மில்லி பாலை சிம்மில் 10 நிமிடம், அவ்வப்போது கிண்டி, ஏடு கட்டாமல் சுண்ட விடுங்கள். டம்ளரில் சர்க்கரை, வடிகட்டிய டிகாஷன், கொதிக்கும் பால். அப்புறம் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நான்கைந்து முறை உயர்த்தி ஆற்றுங்கள். ஆற்றுவது நுரைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை முழுதும் கரையும், வாய் பொறுக்கிற சூட்டுக்கு வரும், கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்கில் படாமல் போகிற மசாலா மணமும் அப்போதுதான் தெரியும்.

குஜராத், மகாராஷ்டிரம் பக்கம் மசாலா டீ வேறு வழக்கம். அங்கே பாலும் தண்ணீரும் சேர்ந்தே நன்றாகக் கொதித்து வர வேண்டும். இஞ்சியோடு எலுமிச்சைப்புல், புதினாவும் போடுவார்கள். அந்தச் சுவை வேண்டுமென்றால் கடை முறை உதவாது. இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அதன்படி போங்கள்.

பிளாஸ்கில் வைத்தால் வாடை அடிக்கிறது

பால் கலந்த டீ சூட்டிலேயே நிற்கும்போது தேயிலைச் சாரம் தொடர்ந்து கருக்கும், பாலும் வெந்துகொண்டே இருக்கும். இஞ்சி, கிராம்பு இருந்தால் அந்த வாடை இன்னும் தூக்கலாகும். டீத்தூளும் மசாலாவும் சக்கையோடு உள்ளே போகாமல் நன்றாக வடிகட்டி ஊற்றினாலும் ஒரு மணி நேரம் வரைதான் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த பால் டீயை யாருக்கும் கொடுக்காதீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் வாரம் ஒருமுறை ஊற விடுங்கள், பழைய வாடையில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வெளியூர் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டுமென்றால், மசாலா போட்ட டிகாஷனை ஒரு பிளாஸ்கிலும், கொதித்த பாலை இன்னொரு பிளாஸ்கிலும் ஊற்றுங்கள். சர்க்கரையைத் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். நசுக்கிய ஏலக்காயை டிகாஷனில் போட்டு மூடியை இறுக்கினால், கோவையில் மூடியதைத் திருச்சியில் திறக்கும்போதும் மணம் உள்ளே இருக்கும். பாலை மட்டும் கிளம்பிய இரண்டு மணி நேரத்துக்குள் கலந்து குடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு டிகாஷன் மிச்சமிருந்தால் வழியில் ஒரு கடையில் சூடான பால் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம்.